அதையே தெலுங்குல சொல்லு

நான் ஒரு முட்டாள். இதை என் மனைவி கல்யாணமான மறுநாளே கண்டுபிடித்துவிட்டாள். ஆபீசில் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது. எனக்குத் தெரிய வந்தது ஒரு பழைய கேம்பர் வேனுக்குள், மல்லாந்து படுத்திருந்தபோது.

பாகாலாவில் ஒருவர் வேன் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போயிருந்தேன். பழைய வண்டி வாங்கப் போகிறவன் இன்ஜினைப் பார்ப்பான், டயரை உதைத்துப் பார்ப்பான், குனிந்து அடியில் துரு இருக்கிறதா என்று பார்ப்பான். நான் திரைச்சீலையைப் பார்த்தேன். மயில் கழுத்து நிறம். மனசு அங்கேயே விழுந்துவிட்டது. உள்ளே ஏறிப் படுக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்தால் மட்டும் போதுமா, படுத்தால்தானே தெரியும் என்று படுத்தேன். தலைக்கு மேல் ஒரு குட்டி ஃபேன் சுற்றியது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது. விற்பவர் என் காலைத் தட்டி எழுப்பியபோது வெயில் இறங்கியிருந்தது, விலை ஏறியிருந்தது.

"சாருக்கு வண்டி ரொம்ப புடிச்சிட்ச்சி போல" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "வண்டி எப்பிடி?"

"நல்லா தூக்கம் வருது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவ கோர்ட்டு மாமாவ இட்டுக்கினு போங்க" என்றாள்.

அப்படித்தான் அவர் என் வேன் விஷயத்தில் நுழைந்தார். அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஆனால் அதற்கு முன், திருப்பதியில் குடியிருப்பவனுக்கு வேன் எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். அப்படிக் கேட்பவர்கள் எல்லோருமே திருப்பதியில் குடியிருக்காதவர்கள்.

இந்த ஊரில் உங்களுக்கு ஒரு வீடு இருந்தால் அது வீடல்ல, சத்திரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் அடிக்கும். "ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷன் தாண்டிட்டோம் மாப்ள. ராத்திரிக்கு டிபன் மட்டும் போதும்." எங்கள் இருவர் வம்சமும் வேலூர், ஆரணி, அரக்கோணம், ஆவடி என்று பரவிக் கிடக்கிறது. எல்லோருக்கும் பெருமாள் மேல் பக்தி. எங்கள் வீட்டு மாடி அறை மேல் அதைவிடப் பெரிய பக்தி. தரிசன டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்கூட்டியே வாங்கி வைப்பார்கள். எங்களுக்குச் சொல்வது மட்டும் ரயிலில் ஏறிய பிறகு. விடியற்காலை வெந்நீர், மலையிலிருந்து இறங்கி வந்ததும் சாப்பாடு, பிறகு ஒரு தூக்கம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிளம்பும்போது கையில் ஒரு லட்டைப் பிய்த்துப் பாதி கொடுத்து, "உங்களுக்கு இன்னா, தெனமும் பெருமாள் பக்கத்துலயே இருக்கறீங்க" என்பார்கள். நாங்கள் மலைக்குப் போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். வாரம் முழுக்கப் பிள்ளைகள், வார இறுதியில் உறவினர்கள். முதுகுவலி வந்து டாக்டரிடம் போனபோது, "வெயிட் எதுவும் தூக்காதீங்கம்மா" என்றார். "சொந்தக்காரங்களயுமா?" என்று கேட்டாள். சிரிக்காமல் கேட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டால் போயிற்று என்பீர்கள். அவளுக்குப் பொய் வராது. ஒரு தடவை முயன்றாள். என் அத்தையிடம் போனில், "நாங்க ஊர்ல இல்ல அத்த" என்று சரியாகத்தான் ஆரம்பித்தாள். அடுத்த மூச்சில், "நீங்க எத்தினி பேரு வரீங்க, அரிசி ஊற வெக்கணும்" என்றுவிட்டாள்.

ஆக, ஊரில் இல்லை என்பது உண்மையாக இருக்க வேண்டுமானால் ஊரில் இல்லாமல் இருப்பது ஒன்றுதான் வழி. வாராவாரம் லாட்ஜில் அறை எடுக்க நான் என்ன சர்க்கரை ஆலை முதலாளியா? தலகோனா அருவிப் பக்கம், ஹார்ஸ்லி மலைப் பக்கம், பழவேற்காடு ஏரிப் பக்கம், எங்கே தோன்றுகிறதோ அங்கே நிறுத்திப் படுத்துக்கொள்ள, கைக்கு எட்டிய விலையில் ஒரு பழைய வேன். இது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த திட்டம். வெளியே கேட்டவர்களுக்கு நான் சொன்னது வேறு: இயற்கை, பறவைகள், சூரிய உதயம். ஆபீசில், "கேரவன் வாங்கறியாமே, எந்தப் படத்துல ஹீரோ?" என்றார்கள்.

கோர்ட்டு மாமா எங்களுக்கு உறவில்லை. அவரை எங்களுக்குப் பிடித்ததற்கு அதுவே முதல் காரணமாக இருக்கலாம். பக்கத்து வீடு. சித்தூர் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லையோரத்துச் சாட்சிகள் தமிழில் பேசுவார்கள், கோர்ட்டு தெலுங்கில் கேட்கும், இங்கிலீஷில் எழுதிக்கொள்ளும். நடுவில் நின்றவர் இவர். ஒல்லி உடம்பு, கழுத்துப் பொத்தான் வரை போட்ட முழுக்கைச் சட்டை. இடது புருவம் எப்போதும் கொஞ்சம் மேலேயே நிற்கும். தூங்கும்போதும் அது இறங்காது என்றுதான் நினைக்கிறேன்.

"சாட்சிக்காரன் தமிழ்ல ஒரு பொய் சொல்வான், நைனா. நான் அத தெலுங்குல சொல்லணும். கூட்ட கூடாது, கொறைக்க கூடாது. சர்வீஸ் பூரா ஊரான் பொய்ய என் வாயால சொல்லிக்கினு இருந்தேன்" என்பார்.

அந்த வேலையில் அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். பொய் சொல்கிறவன் அதை ஒரு மொழியில்தான் தயார் செய்துகொண்டு வருவான். அதே பொய்யை இன்னொரு மொழியில் சொல்லச் சொன்னால், தையல் பிரிந்துவிடும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் இரண்டு நாக்கு. வீட்டுக்குத் தமிழ், கடைத்தெருவுக்குத் தெலுங்கு. ஒன்றில் ஒளித்தது மற்றதில் வெளியே எட்டிப் பார்க்கும். அதனால் யார் எதைச் சொன்னாலும் மாமா, "அதையே தெலுங்குல சொல்லு" என்பார். தெலுங்கில் சொல்லியிருந்தால், தமிழில்.

பால்காரரிடம் சொன்னார். காய்கறி வண்டிக்காரியிடம் சொன்னார். நெஞ்சு கரிக்கிறது என்று டாக்டரிடம் போனபோது அவர் தமிழில், "ஒண்ணும் இல்ல சார், வெறும் கேஸ்தான்" என்றாராம். மாமா, "அதையே தெலுங்குல சொல்லுங்க" என்றார். டாக்டர் தெலுங்கில் அதையே சொல்லிவிட்டு, கடைசியில் 'எதுக்கும் இருக்கட்டும், ஒரு ஈசிஜி எடுத்துடலாம்' என்று சேர்த்துக்கொண்டாராம். "பாத்தியா? தமிழ்ல எனக்கு ஒண்ணும் இல்ல. தெலுங்குல ஹார்ட்டு" என்றார் மாமா.

எங்கள் தெருவில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் ஜாதகக்காரரை விட்டாலும் மாமாவை விடமாட்டார்கள். ஒரு மாப்பிள்ளையின் அம்மா தமிழில், "எங்களுக்கு ஒண்ணும் வாணாம், பொண்ணு மட்டும் போதும்" என்று கண் கலங்கச் சொன்னாள். மாமா கேட்டுக்கொண்டதற்கு இணங்கித் தெலுங்கில் சொன்னபோது, 'உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதை நாங்கள் ஏன் தடுக்கப் போகிறோம், கார் நிறுத்த இடம்கூட இருக்கிறது' என்று நீண்டுவிட்டது. எல்லோரும் டிபனை முடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

சிரிப்பாகத்தான் இருக்கும். எப்போதும் அல்ல. எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர், தமிழ் எல்லையோரம் இருக்கிற குடுபல்லி பக்கத்துக்காரர். ஒரு நாள் மாமாவின் வேட்டி ஒன்று கணக்கில் வரவில்லை. "நீங்க குடுக்கவே இல்ல சாமி" என்றார் அவர். மாமா, "அதையே தெலுங்குல சொல்லு" என்றார். அந்த மனிதருக்குத் தெலுங்கு அரைகுறை. தடுமாறினார், திக்கினார், வார்த்தைக்கு அலைந்தார். மாமா அதைப் பொய்யின் தையல் என்று எடுத்துக்கொண்டு தெரு கேட்கும்படி பேசிவிட்டார். வேட்டி பிறகு மாமா வீட்டு அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. இஸ்திரிக்காரர் அதற்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்விட்டார். மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்குப் பிறகு கசங்கிய சட்டையே போட்டார். வேறு யாரிடமும் இஸ்திரிக்குக் கொடுக்கவில்லை.

பெங்களூரில் இருந்த மகளோடு அவர் போனில் பேசுவது மதில் தாண்டி எங்களுக்குக் கேட்கும். அவள் இங்கிலீஷில் நன்றாக இருப்பதாகச் சொல்லியிருப்பாள் போல. இவர், "அதையே தமிழ்ல சொல்லும்மா" என்பார். பிறகு நெடுநேரம் இந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வராது.

அவர் இன்று இல்லை. அவர் போய்விட்ட செய்தியை நான் எதிர்வீட்டுக்காரரிடம் தமிழில் சொன்னபோது, அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். மாமா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

வேன் பார்க்க அவரை முதலில் அழைத்துப்போனதும் அதே பாகாலாவுக்குத்தான். திரைச்சீலை என்னை விடவில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்த மாமா, இன்ஜின் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்ஜின் பாக்கலையா மாமா?"

"இன்ஜின் பொய் சொல்லாது. அத மெக்கானிக்கு பாத்துக்குவான். நான் ஓனர பாக்கறேன்" என்றவர், விற்பவரிடம் திரும்பி, "யாரு வாடின வண்டி?" என்றார்.

எங்கள் பக்கத்துத் தமிழுக்குள் தெலுங்கு இப்படித்தான் கதவைத் தட்டாமல் வரும். தெலுங்கில் வாடுவது என்றால் பயன்படுத்துவது. தமிழில் வாடுவது பூ. அந்த வேனுக்கு இரண்டும் பொருந்தியது.

"டாக்டர் ஒருத்தர் வாடினது சார். சிங்கிள் ஓனர். ஞாயித்துக்கிழம மட்டும் எடுப்பாரு" என்றார் விற்பவர்.

"அதையே தெலுங்குல சொல்லு."

விற்பவர் உற்சாகமாகத் தெலுங்குக்கு மாறினார். தெலுங்கில் டாக்டர் இருந்தார். டாக்டருக்கு இரண்டு தம்பிகள் முளைத்தார்கள். ஒரு தம்பி வண்டியைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி ஓய்வெடுத்திருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து திரைச்சீலைக்காகத் துக்கம் காத்தேன்.

அடுத்த வண்டி சித்தூரில். படுக்கையைத் தூக்கினால் அடியில் ஒரு பெட்டி. பெட்டியின் தரையைத் தூக்கினால் அடியில் இன்னொரு பெட்டி. எனக்கு ஆனந்தம். ஒரு பெட்டியில் துணிமணி, இன்னொன்றில் பாத்திரம் பண்டம் என்று மனசுக்குள் அடுக்கவே ஆரம்பித்துவிட்டேன். மாமா விரல் முட்டியால் தரையைத் தட்டிப் பார்த்தார். சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"இத்தினி எடம் எதுக்கு?"

"ஸ்டவ்வு, பாய், குடம், எது வேணா வெச்சிக்கலாம் சார். ஃபேமிலிக்கு வசதி" என்றார் விற்பவர்.

"அதையே தெலுங்குல சொல்லு."

அந்த ஆள் தெலுங்கில் ஸ்டவ்வைச் சொன்னார், பாயைச் சொன்னார், குடத்தைச் சொன்னார். பெட்டியின் நீளத்தைக் கையால் காட்டி, "துங்கலு கூட படதாயி" என்று முடித்தார். முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது. துங்கலு என்றால் மரக்கட்டைகள். கட்டைகள்கூடப் பிடிக்குமாம். எங்கள் ஜில்லாவில் ஒரு வண்டியின் கள்ளத்தரைக்கு அடியில் கட்டை போகிறதென்றால் அது அடுப்பெரிக்கப் போகும் கட்டை அல்ல. சேஷாசலம் காட்டுச் செம்மரம்.

மாமா என் தோளில் கை போட்டு வெளியே அழைத்துவந்தார். "இந்த வண்டிய உன்னவிட செக்போஸ்ட்டுக்காரங்களுக்கு நல்லா தெரியும், நைனா. நீ குடும்பத்தோட போய் நின்னேன்னு வையி, பேர் சொல்லி கூப்புடுவாங்க. உன் பேர இல்ல, வண்டி பேர."

இப்படியே மாதங்கள் ஓடின. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் ஒரு வண்டியை நேசிப்பேன், மாமா அதைத் தெலுங்கில் கொல்வார். வீட்டுக்கு வந்தால் மாடியில் ஆரணிக்காரர்கள். மனைவி என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டு, இன்னொரு ஆழாக்கு அரிசியைக் களைவாள்.

எனக்கு மெல்ல மாமா மேலேயே சந்தேகம் வந்தது. நோய் ஒட்டிக்கொண்டது என்று சொல்லலாம். இவர் வண்டிகளைக் கழிப்பது வண்டிகளுக்காகத்தானா? நாங்கள் வாராவாரம் கிளம்பிப் போய்விட்டால் மதிலுக்கு அந்தப் பக்கம் இவர் யாரைச் சந்தேகப்படுவார்? இதை மனைவியிடம் சொன்னேன். "சீ, வயசான மனுசன பத்தி" என்றாள். ஆனால் அடுத்த வண்டியைப் பார்க்கத் தானும் வருவதாகச் சொன்னாள்.

அந்த வண்டி ரேணிகுண்டாவில் இருந்தது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் நிறுத்தியிருந்தார். வெண்ணெய் நிறம். ஒரு பக்கம் படுக்கை, மறுபக்கம் மடக்கு மேஜை, மூலையில் ஒற்றை அடுப்பு, தண்ணீர் டிரம்முக்குக் குட்டிக் குழாய். படுக்கைக்கு அடியில் கதவே இல்லாத திறந்த இடம். ஒளிக்க ஒன்றும் இல்லை. ஜன்னல்களுக்குக் கார்டின் மனைவியே கையால் தைத்த கொசுவலை. என் மனைவி அந்தத் தையலை ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு பொருள் ரொம்பப் பிடித்தால்தான் அப்படிச் செய்வாள். புடவைக் கடையில் நான் அறிந்து வைத்திருக்கும் சைகை. விலையும் எங்களுக்கு எட்டுவதாக இருந்தது. இதையும் விட்டால் இனி வேனே வேண்டாம், சாகும்வரை வெந்நீர் வைத்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

மாமா ஆரம்பித்தார். "ஏன் விக்கறீங்க?"

"வீட்டம்மாவுக்கு மூட்டு வலி சார். ஏறி எறங்க முடியல" என்றார் கார்டு.

"அதையே தெலுங்குல சொல்லுங்க."

அவர் சொன்னார். அதே மூட்டு, அதே வலி, அதே ஏற்ற இறக்கம். மாமா காபி கேட்கிற சாக்கில் சமையலறைப் பக்கம் போய், கார்டின் மனைவியிடம் தனியாக இரண்டு மொழியிலும் கேட்டுவிட்டு வந்தார். வந்ததும் என்னை வேனுக்குப் பின்னால் இழுத்தார்.

"வாணாம். கெளம்பு."

"இன்னா மாமா இது? ரெண்டு பேரும் ரெண்டு மொழியிலயும் ஒண்ணாத்தான சொன்னாங்க?"

"அதான் சொல்றேன். புருசனும் பொண்டாட்டியும் எந்த ஊர்லயாவது ஒரே மாதிரி சொல்வாங்களா? வார்த்த மாறல, மூச்சு விடற எடங்கூட மாறல. வக்கீல் சொல்லிக் குடுத்த சாட்சி மாதிரி இருக்குது. மூட்டு வலிக்கார அம்மா என் எதிர்லயே ஸ்டூல் மேல ஏறி சக்கர டப்பாவ எடுக்கறாங்க."

எனக்குத் தாங்கவில்லை. மாற்றிச் சொன்னாலும் குற்றம், மாறாமல் சொன்னாலும் குற்றம். "உங்களுக்கு எவன்தான் மாமா நல்லவன்? பேசறவன் பேச்ச கேக்கறீங்களா, இல்ல பேச்சுல ஓட்டைய மட்டும் தேடறீங்களா?" என்று கத்திவிட்டேன். கார்டும் அவர் மனைவியும் வெளியே வந்துவிட்டார்கள். என் மனைவி, "என்னாங்க" என்றாள் மெதுவாக.

மாமா கோபப்படவில்லை. இடது புருவம் மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே போனது.

"சரி. அவங்கள வுடு. உனக்கு எதுக்கு வண்டி?"

"உங்களுக்கு தெரியாதா? இயற்கை. பறவைங்க. காலையில சூரியன் வரத பாக்க."

"அதையே தெலுங்குல சொல்லு."

வாயைத் திறந்தேன். இங்கேதான் ஒரு சிக்கல். என் தெலுங்கு கடைத்தெருத் தெலுங்கு. தக்காளி பேரம் பேசவும் ஆட்டோக்காரரோடு சண்டை போடவும் கற்றுக்கொண்டது. அதில் பறவைகள் கிடையாது. சூரிய உதயம் கிடையாது. இல்லாத வார்த்தைகளைத் தேடி நான் தவித்தபோது, இருந்த வார்த்தைகள் முண்டியடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டன.

"சுட்டாலு ராகுண்டா!"

ராகுண்டா என்பது ரேணிகுண்டாவுக்கு அடுத்த ஸ்டேஷன் அல்ல. வராமல் இருக்க என்று பொருள். சுட்டாலு என்றால் தெலுங்கில் உறவினர்கள். தமிழ்க் காதுக்கு, சுட்டாலும் போகாதவர்கள் என்று கேட்கும், அதிலும் தவறில்லை.

என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ரகசியம் போயிற்று, வண்டியும் போயிற்று என்று நினைத்தேன்.

"ஓகோ. பொய் சொல்றதுக்கு ஒரு வண்டி" என்றார் மாமா.

முந்தானைக்குப் பின்னாலிருந்து என் மனைவிதான் பதில் சொன்னாள். "இல்ல மாமா. பொய் சொல்லாம இருக்கறதுக்கு. ஊர்ல இல்லன்னு சொன்னா நெஜமாவே இல்லாம இருக்கணும். எனக்கு பொய் சொல்ல வரல, முதுகும் தாங்கல."

அப்போது கார்டின் மனைவி வாயில் கை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். கார்டு வேனின் படியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"சார், நெஜத்த சொல்லிடறேன். எங்களுக்கும் அதே கததான்" என்றார். "எங்க வீடு ஸ்டேஷனுக்கு பக்கம். மலைக்கு போறவங்க மொத்தம் மொதல்ல எங்க வீட்லதான் மூஞ்சி கழுவுவாங்க. அதுக்குத்தான் இந்த வண்டிய கட்டினோம். வண்டி இருக்குதுன்னு எப்பிடியோ தெரிஞ்சிபோச்சி. இப்ப வண்டியிலயே மலைக்கு இட்டுக்கினு போன்னு வந்து நிக்கறாங்க. இத சொன்னா எவன் சார் வாங்குவான்? அதான் மூட்டு வலி."

"நாலு நாளா ஒப்பிக்க வெச்சாரு" என்றாள் அவர் மனைவி.

மாமாவின் வலது புருவமும் மேலே போனதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "இப்ப சரி. ரெண்டு பக்கமும் பொய்ய எறக்கி வெச்சாச்சி. மெக்கானிக்க கூப்புடுங்க, இன்ஜின பாக்கலாம்" என்றார்.

இன்ஜின் நன்றாக இருந்தது. ஆர்.சி. புக், எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வண்டி இந்த ஷெட்டிலேயே நிற்க வேண்டும், திருப்பதியில் ஒரு காக்காவுக்கும் தெரியக்கூடாது. கார்டு சந்தோஷமாகச் சம்மதித்தார்.

முதல் வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மனைவி இரண்டு பை கட்டினாள். கேஸை மூடி, வீட்டைப் பூட்டி, வெளியூர் போனால் வழக்கமாகச் செய்வது போலச் சாவியைக் கோர்ட்டு மாமாவிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். பிறகு உள்ளே போய் ஒரு தலையணையும் துணிப்பையும் எடுத்துக்கொண்டு வந்து, தம் வீட்டைப் பூட்டிவிட்டு, எங்களுக்கு முன்னால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எறங்குங்க மாமா என்று சொல்கிற தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை. பாவம், தனியாக இருக்கிறவர், பிரியத்தில் வருகிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் ஏறினேன்.

ரேணிகுண்டாவில் வேனை எடுத்து ஸ்டேஷன் ரோட்டில் திரும்பும்போது போன் அடித்தது. மனைவியின் அரக்கோணத்துச் சித்தி.

"எடுக்காத" என்றார் பின்னாலிருந்து மாமா.

"திருப்பதி தாண்டி வந்துட்டோமே மாமா" என்றேன் நான். "ஊர்ல இல்லன்னா நெஜந்தான?"

"அவங்க எறங்கற ஊர்ல நிக்கற. அது ஊர்ல இல்லாததா? ஓட்டு."

போன் அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. காளஹஸ்தி ரோட்டில் கடைகள் முடிந்து இரண்டு பக்கமும் வெட்டவெளி வந்த பிறகு, "இப்ப எடும்மா" என்றார்.

மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க கண்ணு இருக்கற? நாங்க ரேணிகுண்டா கிட்ட வந்துகினு இருக்கறோம். ஏழு பேரு. ஒண்ணும் பெருசா செய்யாத, சப்பாத்தி போதும்."

"நாங்க ஊர்ல இல்ல சித்தி." குரல் நடுங்கவில்லை. அரிசி பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

"அப்பிடியா? பரவால்ல கண்ணு, நீங்க மெதுவா வாங்க. நாங்களே பொங்கித் துன்னுக்கறோம். சாவிய யார்கிட்ட குடுத்துட்டு போன?"

வேன் தானாகவே வேகம் குறைந்தது. இதை நான் யோசிக்கவே இல்லை. அவளும் யோசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவளுக்குத்தான் பொய் வராதே.

"பக்கத்து வூட்டு மாமாகிட்ட, சித்தி."

"நல்லதா போச்சி. அவரு வீட்லதான இருப்பாரு?"

"இல்ல சித்தி."

"எப்ப வருவாரு?"

"நாங்க வரப்பதான் வருவாரு."

"நீங்க எப்ப?"

"ஞாயித்துக்கிழம ராத்திரி."

எல்லாம் உண்மை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. "அப்ப நாங்க இன்னா பண்றது?" என்றாள் சித்தி, யாரையோ கேட்பது போல.

"ஸ்டேஷன் எதிர்லயே லாட்ஜ் இருக்குது சித்தி. தண்ணி வசதி நல்லா இருக்கும்" என்று சொல்லி மனைவி போனை வைத்தாள். வைத்துவிட்டுக் கொசுவலையை ஒதுக்கி ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டிக்கொண்டாள். காற்றில் அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

கண்ணாடியில் பார்த்தேன். மாமா படுக்கையின் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, துணிப்பையை மடியில் வைத்து, ஒரு கையால் சட்டைப் பையை அழுத்திப் பிடித்திருந்தார். அங்கேதான் எங்கள் வீட்டுச் சாவி இருந்தது. அவர் வீட்டில் இருந்திருந்தால் அது சித்தி கைக்குத்தான் போயிருக்கும்.

"மாமா, எங்கள நம்பித்தான் நீங்க வண்டி வாங்க சொன்னீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றேன்.

"நம்பியிருந்தா வீட்லயே இருந்திருப்பேன்."